ஈரேழ் அடிகளில் காதல்: ஆங்கிலச் சானெட்டின் தமிழ் வரவும் ஒசூர் எல்லை நிலத்தின் இருமொழிச் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

பதினான்கு அடிகளில் அமையும் சானெட் என்னும் பாவகை இத்தாலியில் தோன்றி, ஆங்கிலத்தில் காதற்கவிதையின் தலைமை வடிவங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது தமிழுக்கு வந்தது. பரிதிமாற் கலைஞர் அதற்கு வழி வகுத்தார். 1904இல் பாரதியின் ‘தனிமை இரக்கம்’ அதனைக் காதற்பொருளுக்கு உரியதாக்கியது. ஆயினும் தமிழில் இப்பாவகை வேரூன்றவில்லை என்னும் கருத்து நிலவுகிறது. அக்கருத்தை மறுபரிசீலனை செய்யும் இக்கட்டுரை, ஆசிரியப்பாவின் யாப்புக்குள் சானெட் எவ்வாறு உட்செரிக்கப்பட்டது என்பதை விளக்குகிறது. ஒசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியை அடுத்த கன்னட நிலத்தில் இதே வடிவம் வேறு வழியில் சென்றதை ஒப்புமைச் சான்றாகக் கொள்கிறது.

திறவுச்சொற்கள்: சானெட், பதினான்கடிச் செய்யுள், ஆசிரியப்பா, எதுகை, அகமரபு, பாரதி, பரிதிமாற் கலைஞர், மாஸ்தி, ஒசூர்.

முன்னுரை

ஓர் இலக்கிய வடிவம் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயரும்போது, அதன் பெயர், அடிக்கணக்கு, ஓசை, பொருள் ஆகிய நான்கும் ஒருசேரப் பெயர்வதில்லை. சில பெயர்கின்றன, சில வழியிலேயே நின்றுவிடுகின்றன. புதினமும் சிறுகதையும் தமிழில் பெற்ற வாழ்வைச் சானெட் பெறவில்லை என்று கூறுவோர், அடிக்கணக்கையும் பெயரையும் மட்டுமே அளவுகோலாகக் கொள்கின்றனர். வடிவத்தின் உள்ளியக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் முடிவு வேறாகிறது.

இவ்வினாவுக்கு ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதி பொருத்தமான களம். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப்பின் ஒசூர்ப் பகுதியும் சேர்ந்தது. ஆங்கிலம் இங்கு முதலில் வருவாய்க் கணக்கின் மொழியாக நுழைந்து, பின்னரே கல்வியின் மொழியாயிற்று. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகியன ஒரே தெருவில் வழங்கும் இந்நிலம், ஓர் ஆங்கில வடிவம் இரு திராவிட மொழிகளில் பெற்ற இருவேறு வாழ்வை அருகருகே வைத்துக் காண இடந்தருகிறது.

ஆங்கிலச் சானெட்டின் அமைப்பும் பொருளும்

இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா (1304–1374) லாரா என்னும் பெண்ணை முன்னிறுத்திப் பாடிய தொகுப்பில் 366 கவிதைகள் உள்ளன. அவற்றுள் 317 சானெட்டுகள். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாமஸ் வயட், சர்ரே பிரபு ஆகியோர் இவ்வடிவை ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தனர். 1557இல் டாட்டல் என்னும் பதிப்பாளர் வெளியிட்ட தொகை நூல் அவர்தம் பாடல்களைப் பரவலாக்கியது. பிலிப் சிட்னியின் ‘ஆஸ்ட்ரோபெல் அண்ட் ஸ்டெல்லா’ அவர் மறைந்தபின் 1591இல் அச்சேறியது. அதில் 108 சானெட்டுகள் உள்ளன. எட்மண்ட் ஸ்பென்சரின் ‘அமொரெட்டி’ 1595இல் 89 சானெட்டுகளோடு வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகள் 1609இல் நூலாயின. எலிசபெத் பாரட் பிரௌனிங் 1850இல் வெளியிட்ட 44 சானெட்டுகள் காதலின் குரலைப் பெண்ணின் குரலாக்கின.

இத்தாலிய முறையில் முதல் எட்டு அடிகள் ஒரு பகுதி. பின் ஆறு அடிகள் மற்றொரு பகுதி. ஒன்பதாம் அடியில் பொருள் ஒரு திருப்பம் கொள்ளும். ஷேக்ஸ்பியர் பின்பற்றிய முறையில் மூன்று நாலடிப் பகுதிகளும், முடிவில் ஓர் ஈரடி இணையும் அமையும். இருவகையிலும் அடிகளைப் பிணைப்பது அடியீற்றின் ஓசை ஒப்புமையே. தமிழ் யாப்பியலார் இதனை இயைபுத் தொடை என்பர். ஆகவே, அடிக்கணக்கு, இயைபு, திருப்பம் ஆகிய மூன்றும் சானெட்டின் உறுப்புகள். இவற்றுள் கேட்போர் செவிக்கு முதலில் புலப்படுவது இயைபு. உள்ளத்தில் இறுதிவரை நிற்பது திருப்பம்.

பொருள் நிலையில், இச்சானெட்டுகள் ஒரு தனி மனிதரின் காதலை அவர் குரலிலேயே உரைப்பன. சிட்னியின் ஸ்டெல்லா பெனலோபி டெவரோ என்னும் பெண் என்பதும், ஸ்பென்சரின் பாடல்கள் அவர் 1594இல் மணந்த எலிசபெத் பாயிலை நோக்கியவை என்பதும் ஆங்கில இலக்கிய வரலாற்றில் பேசப்படுவன. பெயரை மறைத்தும் காட்டியும் விளையாடும் இம்முறை, அகத்திணையில் எவருடைய பெயரையும் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய வரையறைக்கு நேர் எதிரானது. எனவே சானெட்டைத் தமிழில் காதலுக்குப் பயன்படுத்த முனைவோர் யாப்பை மட்டுமன்றி அகமரபையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இந்திய மொழிகளில் முதல் வரவு

இந்திய மொழிகளில் இவ்வடிவை முன்னோடியாகக் கையாண்டவர் வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத். அவர் 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்தவர். பின்னர் ஐரோப்பாவில் இருந்தபோது வங்க மொழியில் எழுதிய பதினான்கடிப் பாடல்கள் 1866இல் ‘சதுர்தசபதி கவிதாவலி’ என நூலாயின. ‘பதினான்கடியுடையவை’ என்னும் பொருள் கொண்ட இப்பெயர் வடிவத்தை அடிக்கணக்கால் குறிக்கிறது.

தமிழில் இம்முயற்சியை மேற்கொண்டவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் என்னும் பரிதிமாற் கலைஞர் (1870–1903). மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்த இவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று அங்கேயே தமிழ் பயிற்றினார். ஆங்கில இலக்கியமும் தமிழ் யாப்பும் ஒருங்கே பயின்ற அவர், மு. சி. பூரணலிங்கம் பிள்ளை 1897இல் தொடங்கிய ‘ஞானபோதினி’ இதழில் சானெட்டைப் பின்பற்றிய பதினான்கடிச் செய்யுள்களை எழுதினார். அவை ‘தனிப்பாசுரத் தொகை’ என நூலாயின. ஆசிரியர் யார் என்பதை நோக்காது பாடல்களின் தரத்தையே நோக்கிக் கற்றோர் மதிப்பிடவேண்டும் என்னும் கருத்தால் தம் பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் என்னும் புனைபெயரில் அதனை வெளியிட்டார். ஜி. யு. போப் அப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆங்கில வடிவம் தமிழாகி, மீண்டும் ஆங்கிலத்துக்கே திரும்பிய இந்நிகழ்வு அக்காலத்து இலக்கியப் பரிமாற்றத்தின் வேகத்தைக் காட்டுகிறது.

‘தனிமை இரக்கம்’: ஒரு காதற்சானெட்டின் தமிழ் உரு

பரிதிமாற் கலைஞர் மறைந்த மறு ஆண்டு, 1904 சூலையில், மதுரையிலிருந்து வெளிவந்த ‘விவேகபாநு’ இதழில் சி. சுப்பிரமணிய பாரதியின் ‘தனிமை இரக்கம்’ வெளிவந்தது. பாரதியின் பாடல்களுள் முதலில் அச்சேறியதாக அறியப்படுவது இதுவே. நாட்டுப்பாடலும் பக்திப்பாடலும் இவர் பெயரோடு இணையும் முன்னர், பிரிவுத்துயர் கூறும் ஒரு காதற்பாட்டே அச்சில் இவரை அறிமுகப்படுத்தியது.

இப்பாடல் சரியாகப் பதினான்கு அடிகள் உடையது. யாப்பு நேரிசை ஆசிரியப்பா. அதாவது, பதின்மூன்றாம் அடி முச்சீராகவும், ஏனைய அடிகள் நாற்சீராகவும் அமைய, இறுதி ஏகாரத்தில் முடிகிறது. ஆசிரியப்பாவின் சிற்றெல்லை மூன்றடி. பேரெல்லை பாடுவோரின் கருத்தளவு. ஆகவே ஆசிரியப்பாவைப் பதினான்கடியில் நிறுத்த எந்த இலக்கணத் தடையும் இல்லை. ஆங்கில வடிவின் அடிக்கணக்கு தமிழ்ப் பாவின் இயல்பான நெகிழ்ச்சிக்குள் புகுந்துகொள்கிறது.

இயைபு என்ன ஆயிற்று என்பது அடுத்த வினா. பாடலின் பதினான்கு அடிகளும் ஏழு எதுகை இணைகளாக அமைந்துள்ளன. முதல் இரண்டடி ஓர் எதுகை, அடுத்த இரண்டடி மற்றோர் எதுகை, இவ்வாறே இறுதிவரை. ஆங்கிலம் அடியின் முடிவில் கட்டும் முடிச்சைப் பாரதி அடியின் தொடக்கத்தில் கட்டுகிறார். இயைபு தமிழுக்கு அயலன்று; ஆயினும் ஆசிரியப்பாவின் ஓசைக்கு எதுகையும் மோனையுமே உயிர். எனவே, வடிவின் நோக்கமான அடிப்பிணைப்புக் காக்கப்பட்டு, அதன் கருவி மட்டும் மாற்றப்பட்டுள்ளது.

மூன்றாவது உறுப்பாகிய திருப்பமே இப்பாடலைச் சானெட்டாக உறுதிசெய்கிறது. முதல் எட்டு அடிகளில் தலைவன் குயிலை ஒத்த தன் காதலியை முன்னிலையில் விளித்துப் பேசுகிறான். அவளோடு கழித்த நாட்களை நினைக்கிறான். இன்று இருவருக்கும் இடையே மலையும் காடும் நீர்ப்பரப்பும் கிடக்கும் தொலைவை எண்ணி நெஞ்சு நடுங்குகிறான். கலங்கரை விளக்கத்திலிருந்து எண்ணற்ற காதத் தொலைவில் கலங்கும் சிறு மரக்கலமாகத் தன்னைக் காண்கிறான். எட்டாம் அடியோடு இப்பகுதி முடிகிறது. ஒன்பதாம் அடியில் விளி மாறுகிறது. அவன் இப்போது பேசுவது நாட்களோடு. அவளோடு வாழ்ந்தபோது காற்றாய்ப் பறந்த நாட்கள், பிரிந்தபின் மலையாய் அசையாது கிடப்பதை அவற்றிடமே முறையிடுகிறான்.

இம்மாற்றத்தில் இலக்கணக் கூறு ஒன்று கருதத்தக்கது. முன் எட்டடியில் முன்னிலையாக இருந்த காதலி, பின் ஆறடியில் படர்க்கை ஆகிறாள். முன்னிலையிடத்தை நாட்கள் பிடித்துக்கொள்கின்றன. பிரிவு என்பதைப் பாடல் சொல்வதோடு நில்லாமல், தன் இடப்பெயரிலேயே நிகழ்த்திக் காட்டுகிறது. பேச்சின் தொடக்கத்தில் எதிரே நின்றவள், முடிவில் எட்டாத ‘அவள்’ ஆகிவிடுகிறாள். முன்பகுதியில் இடத்தின் தடையாக வந்த மலை, பின்பகுதியில் காலத்தின் உருவமாக மீள்கிறது. இடத்தொலைவு காலத்தொலைவாக மாறும் இவ்வமைப்பு, எட்டும் ஆறுமாகப் பகுத்த சானெட்டின் உள்ளியக்கத்தைத் துல்லியமாகப் பின்பற்றுவது.

ஷேக்ஸ்பியரின் 116ஆம் சானெட்டிலும் அலையும் மரக்கலமும் அதற்கு வழிகாட்டும் விண்மீனும் வருகின்றன. அங்கு உண்மைக் காதல் அசையாத விண்மீன். இங்கு விளக்கம் இருந்தும் அதன் ஒளி எட்டாத் தொலைவில் காதலன் இருக்கிறான். இவ்வொப்புமையைக் கடன்பேறு எனக் கொள்ளவேண்டியதில்லை. கலங்கரை விளக்கம் பெரும்பாணாற்றுப்படையிலும் சிலப்பதிகாரத்திலும் பயின்ற பழந்தமிழ்ப் பொருள். இரு மரபும் சந்திக்கும் இடத்தில் பாரதி தமிழ்ச் சொல்லையே தேர்ந்திருக்கிறார் என்பதே கருதத்தக்கது.

அகமரபு நிலையிலும் பாடல் ஒரு நடுவழியை மேற்கொள்கிறது. காதலியின் பெயர் கூறப்படவில்லை. இது அகத்திணை வரையறைக்கு இசைந்தது. ஆனால் பாங்கனோ தோழியோ பாணனோ இங்கு இல்லை. தன் மயக்கத்தை அவளிடம் எடுத்துரைப்பார் யார் என்னும் வினாவோடு பாடல் முடிகிறது. தூது செல்வோர் நிறைந்த அகவுலகில், தூதுவர் எவரும் இல்லாத ஒருவனின் குரல் இது. தலைப்பிலுள்ள ‘தனிமை’ காதலியைப் பிரிந்த தனிமை மட்டுமன்று. அகமரபின் மாந்தர்களை இழந்த தற்கால மனிதனின் தனிமையும் ஆகும். அதற்குமுன் நிற்கும் முச்சீரடி, பேச்சு தடைப்படும் மூச்சாக ஒலிக்கிறது. ஆங்கிலச் சானெட்டில் இறுதி ஈரடி இணை செய்யும் முடிப்புப் பணியை இங்கு நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி செய்கிறது.

எல்லைக்கு அப்பால்: கன்னடத்தின் மறுவழி

தமிழ் எதுகையைத் தாங்குதூணாகக் கொண்டு சானெட்டை ஏற்றபோது, கன்னடம் அதே தூணை அகற்றிவிட்டு அவ்வடிவை ஏற்றது. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் ‘துவிதீயாட்சரப் பிராசம்’ பழங்கன்னடச் செய்யுளின் கட்டாய உறுப்பு. தமிழின் எதுகையை ஒத்தது. 1911இல் மஞ்சேசுவரம் கோவிந்த பை அதனைக் கைவிட்டு எழுதத் தொடங்கினார். பி. எம். ஸ்ரீகண்டையாவின் ‘இங்கிலீஷ் கீதகளு’ (1926) ஆங்கிலத் தன்னுணர்ச்சிப் பாடல்களைப் பெயர்த்துப் புதிய அடியமைப்புகளைக் கன்னடத்தில் நிலைநாட்டியது. சானெட் ‘சுனீத’ என்னும் பெயர் பெற்றது. மூலச்சொல்லின் ஒலியையும் நினைவூட்டும் அப்பெயர், வடிவத்துக்கு அம்மொழியில் தனி அடையாளம் தந்தது. தமிழில் ‘பதினான்கடிச் செய்யுள்’ என்னும் விளக்கமே பெயராக நின்றுவிட்டது.

இவ்வரலாற்றில் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் (1891–1986) தனித்துக் கருதத்தக்கவர். இவர் பிறந்த மாலூர் வட்டம் ஒசூருக்கு வடக்கே, பாகலூர் வழியாகச் செல்லும் சாலையில் எட்டும் தொலைவில் உள்ளது. வீட்டுமொழி தமிழ், எழுத்துமொழி கன்னடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதாளர். இவருடைய ‘மலார’ சுனீதங்களின் தொகுப்பு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் எழுதிய சானெட்டுகள் கன்னட இலக்கியத்தின் உடைமையாயின என்பது, இவ்வெல்லை நிலத்தில் மொழியும் இலக்கியமும் ஒரே கோட்டில் ஓடவில்லை என்பதற்குச் சான்று.

ஒசூரிலிருந்து உயர்கல்விக்கான வழியும் நெடுங்காலம் பெங்களூரை நோக்கியே இருந்தது. ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, ஒசூர்ப் பள்ளியில் பயின்றபின் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1894இல் பட்டம் பெற்றார். அங்கு ஜான் குத்ரி டேட் என்னும் ஆங்கிலப் பேராசிரியரின் மாணவராக இருந்தார். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இல் தோன்றும்வரை அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. ஆட்சியெல்லை வேறாயினும் பாடத்திட்டம் ஒன்றே. ஒரே ஆங்கிலக் கல்வி இருபுறத்தாருக்கும் கிடைத்தது. அதிலிருந்து அவரவர் மொழி எதனை எடுத்துக்கொண்டது என்பதே வேறுபட்டது.

வேரூன்றாமையா, உட்செரிப்பா?

இவ்வொப்பீட்டிலிருந்து ஒரு விளக்கம் பெறப்படுகிறது. கன்னடத்தில் தொடக்க எதுகை நீங்கியதால் பழைய ஓசைப்பழக்கம் விலகிப் புதிய வடிவம் செவிக்குத் தனித்துப் புலப்பட்டது, பெயரும் பெற்றது. தமிழில் எதுகையும் ஆசிரியப்பாவும் அப்படியே நின்றமையால், ‘தனிமை இரக்கம்’ கேட்போருக்கு ஆசிரியப்பாவாகவே ஒலித்தது. பதினான்கு என்னும் எண்ணிக்கை செவிக்கு எட்டவில்லை. வடிவம் தோற்றதால் மறையவில்லை. முழுமையாகப் பொருந்தியதால் மறைந்தது.

இதற்கு ஒரு தடையுரை கூறலாம். பொருள் நடுவில் திரும்புவது சங்க அகப்பாடல்களிலேயே உண்டு; அவ்வாறாயின் பாரதியின் திருப்பத்தைச் சானெட்டின் செல்வாக்கு எனக் கொள்வது ஏன்? அகப்பாடலில் திருப்பம் எவ்வடியிலும் நிகழலாம். பதினான்கு அடியில், எட்டாவதன் முடிவில், எதுகை இணை குலையாமல், விளியும் இடப்பெயரும் ஒருசேர மாறுவது தற்செயல் ஆகாது. பரிதிமாற் கலைஞரின் முயற்சி அச்சில் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதும், பாரதி ஷெல்லியின் பெயரைப் புனைபெயரில் சூடும் அளவுக்கு ஆங்கிலக் கவிதையில் ஈடுபட்டிருந்தார் என்பதும் இதற்கு அரண் செய்கின்றன.

முடிவுரை

ஆங்கிலக் காதற்சானெட் தமிழுக்கு வந்தபோது அடிக்கணக்கும் திருப்பமும் ஏற்கப்பட்டன; இயைபின் இடத்தை எதுகை பெற்றது; ஈற்றிணையின் இடத்தை முச்சீர் ஈற்றயலடி பெற்றது; பெயர் சூட்டிப் பாடும் காதல், பெயர் சுட்டாத அகமரபுக்கு இணங்கியது. இவை தமிழ் யாப்பின் ஏற்புத்திறனைக் காட்டுவன. எல்லைக்கு அப்பால் கன்னடம் தன் பழம்பிணைப்பைத் துறந்து அதே வடிவை வளர்த்தது. இரண்டும் வெற்றிகளே, வழிகள் மட்டும் வேறு.

இம்முடிவுக்குக் கல்விநிலைப் பயன் உண்டு. 1970களிலிருந்து தொழிற்பேட்டைகளால் வளர்ந்து, பல மொழியினர் குடியேறிய நகராக ஒசூர் இன்று விளங்குகிறது. 2004இல் உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கல்லூரிகளில், தமிழைப் பகுதி ஒன்றிலும் ஆங்கிலத்தைப் பகுதி இரண்டிலும் மாணவர் தனித்தனியே பயில்கின்றனர். தொழிலாளர் குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு, ஷேக்ஸ்பியரின் சானெட் எட்டாத அயற்பொருளாகத் தோன்றலாம். அதனருகே பாரதியின் பதினான்கு அடிகளையும், வாய்ப்புள்ள இடத்தில் மாஸ்தியின் சுனீதம் ஒன்றையும் வைத்துப் பயிற்றினால், அவ்வடிவம் தம் வீட்டுமொழியிலும் அடுத்த வீட்டின் மொழியிலும் முன்பே பேசியிருக்கிறது என்பதை அவர் உணர்வர். இரு பாடப்பகுதிகளுக்கு இடையிலுள்ள சுவரை அகற்ற, எட்டாம் அடிக்கும் ஒன்பதாம் அடிக்கும் இடையே நிகழும் மாற்றத்தை இரு மொழியிலும் ஒருசேரக் காட்டுவதே நல்ல தொடக்கமாகும்.